மூன்றாம் எண் மெஷினுக்குப் பின்னால் நின்றவர்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நகம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது விரல்களின் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் ஓர் அரிசி அளவுக்கு விட்டிருப்பாள். அதுதான் அவளுடைய கருவி.

அங்கே செய்வது பேரிங் வளையம். பார்ப்பதற்குக் கனமான இரும்பு வளையல் மாதிரி இருக்கும். உட்புறத்தில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில்தான் பிற்பாடு குண்டுகள் சுற்றும். பள்ளத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் போதும், குண்டு தேயும், சூடேறும், ஒரு நாள் மோட்டார் அப்படியே இறுகி நின்றுவிடும். நகம் அக்கா வளையத்தை எடுப்பாள், வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றுவாள், பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவாள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. எங்காவது ‘டிக்’ என்று தட்டினால் சிவப்புத் தொட்டிக்குப் போகும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு வளையம். இருபத்துநான்கு வருஷம் இதையே செய்திருக்கிறாள். அவள் நகத்தை ஏமாற்றிவிட்டு ஒரு வளையம் வெளியே போனதில்லை என்று லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள் வரைக்கும் சொல்வார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினொன்று. அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பியைப் படிக்க வைத்தாள், பட்டறைத் தொழில் கற்க அனுப்பினாள், அவனுக்கு இருபத்தொன்று ஆனதும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதலாளி முன்னால் நிறுத்தினாள். “இவன் ஏதாவது தப்புப் பண்ணினா என்னைக் கேளுங்க” என்றாள். முதலாளி சிரித்துக்கொண்டே கிரைண்டிங் பிரிவில் போட்டார். சக்கரம் சுழன்று அந்தப் பள்ளத்தைத் தீட்டுகிற மூன்றாம் எண் மெஷின் அவனுடையது. பதிமூன்று வருஷம் அதில் ஒரு புகாரும் இல்லை.

பிறகு மெஷின்களுக்கெல்லாம் சென்சார் மாட்டினார்கள்.

உற்பத்தி மேலாளர் கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை, எந்நேரமும் கையில் போன். வந்த ஆறே மாதத்தில் மெஷின், கம்ப்ரெசர், விளக்கு, கதவு என்று எல்லாவற்றையும் ஒரே கணினியோடு இணைத்துவிட்டார். கதவில் கார்டைக் காட்டினால்தான் திறக்கும். மெஷினில் கார்டைக் காட்டினால்தான் ஓடும். மெஷின் வழக்கத்தைவிட அதிகமாக அதிர்ந்தால் திரையில் சிவப்பு வரும், ‘பார்த்தேன்’ என்று ஒரு பொத்தான் மின்னும். ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்தி, சக்கரத்தைச் சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும்.

ஒரு மாதக் கடைசியில், அனுப்ப வேண்டிய சரக்கு பாதிகூட முடியாத சமயத்தில், மூன்றாம் எண் மெஷினில் சிவப்பு வந்தது. தம்பி நிறுத்தப் போனான். பின்னால் வந்து நின்ற மேலாளர், அமுக்கிவிட்டு ஓட்டு, சக்கரத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார். தம்பி தயங்கினான். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே, ஓட்டு ஓட்டு என்று கையை ஆட்டினார். தம்பி அமுக்கினான். அன்றைக்கு வந்த வளையங்களில் கீறல் இருக்கிறது என்று நகம் அக்கா இரண்டு தட்டு ஒதுக்கி வைத்தாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் அந்த இரண்டு தட்டும் பெட்டிக்குள் போய்விட்டன.

மூன்று வாரத்தில் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. வாங்கியவர்கள் பம்ப் மோட்டார் செய்கிற கம்பெனி. எழுபது மோட்டார் இறுகிப் போயிருந்தன. முதலாளி கொதித்துப் போனார். மேலாளர் பதறவே இல்லை. கணினியைத் திறந்து காட்டினார்: இந்தத் தேதி, இந்த மணி, மூன்றாம் எண் மெஷின் எச்சரித்திருக்கிறது, இந்தக் கார்டு எண் ‘பார்த்தேன்’ என்று அமுக்கியிருக்கிறது, மெஷினை நிறுத்தவே இல்லை.

தம்பி நடந்ததைச் சொன்னான். மேலாளர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “தம்பி, மெஷின் பொய் சொல்லுமா?” என்றார்.

அவ்வளவுதான். மெஷினுக்குத் தன் முன்னால் நின்றவனை மட்டும்தான் தெரிந்திருந்தது. பின்னால் நின்றவரைத் தெரியவில்லை. அன்று மாலையே கடிதம் கொடுத்துவிட்டார்கள். ‘கடுமையான கவனக்குறைவு காரணமாக’ என்று முதல் வரியிலேயே இருந்தது.

அந்த ஒரு சொல் ஊரில் இருந்த மற்ற பட்டறைகளின் கதவையெல்லாம் சாத்திவிட்டது. நேர்முகத்துக்குப் போவான், மெஷினைத் தொட்டுக் காட்டுவான், ஆள் அருமை என்பார்கள், பழைய கடிதத்தைக் கேட்பார்கள், பிறகு போனே வராது. டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் தம்பி பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் மின்விசிறிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். கேட்டால், விசிறி டாக்டர் ஆயிட்டேன் என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் அக்கா உள்ளே போய்விடுவாள்.

அவனுக்கு ஆத்திரம் இல்லை. போகட்டும் விடுக்கா, அந்த ஆளை நினைச்சு நாம ஏன் சாப்பாட்டைக் கெடுத்துக்கணும் என்பான். தம்பி மனைவி அப்படி இல்லை. பாத்திரத்தைக் கவிழ்க்கிற சத்தத்திலேயே அவள் மனசு தெரியும். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, “அண்ணி, நீங்க தினமும் அந்த ஆளுக்கு வணக்கம் சொல்றீங்க இல்ல?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஆமாம், நகம் அக்கா தினமும் வணக்கம் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே சொன்னாள். சண்டை போடுவதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. போட்டுப் பார்த்திருந்தாள். கதவு கணினியில் எழுதுகிறதே, அன்றைக்கு மேலாளர் கிரைண்டிங் பிரிவுக்குள் எப்போது வந்தார் என்று அதில் இருக்குமே என்று ஆபீசில் போய்க் கேட்டாள். அதெல்லாம் தொழிலாளிக்குக் காட்டுகிற விஷயம் இல்லை என்று அங்கிருந்தவர் நிமிராமலே சொன்னார். அவர்கள் தட்டிக்கழிக்க முடியாதபடி கேட்கக்கூடிய ஆள் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கேட்கும்படி ஒரு சங்கதியும் வேண்டும். இரண்டும் கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தாள்.

ஏழாவது மாதம் கேமரா வந்தது.

இனிமேல் வளையங்களைச் செயற்கை நுண்ணறிவு பார்க்கும் என்று மேலாளர் கூட்டம் போட்டுச் சொன்னார். ஒரு கண்ணாடி அறை கட்டி, நடுவில் ஒரு மேடை, மேலே நான்கு கேமரா, சுற்றி வெள்ளை விளக்கு. வளையம் மேடையில் வந்து ஒரு சுற்று சுற்றும். திரையில் பச்சையோ சிவப்போ வரும். ஆனால் கேமராவுக்கு எது நல்லது, எது கழிவு என்று முதலில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் படமும் திரையில் வரும். உட்கார்ந்திருப்பவர் ‘நல்லது’ அல்லது ‘கழிவு’ என்று அமுக்கி, கீழே காரணத்தையும் குறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான படம் பார்த்தபின் கேமரா தானாகவே சொல்ல ஆரம்பித்துவிடும்.

யாரை உட்கார வைப்பது என்று கேள்வியே எழவில்லை. மேலாளர் அவள் மேசைக்கே வந்து, தம்பி விஷயத்தை மனசுல வெச்சுக்காதீங்க, கம்பெனி உங்களை எவ்வளவு நம்புது பாருங்க என்றார். அவள், “சரிங்க சார்” என்றாள்.

கேமரா விற்ற கம்பெனியிலிருந்து அதை மாட்ட வந்தவள் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பொறியாளர். கம்ப்யூட்டர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். காரணப் பட்டியலில் நான்கு இருக்கும்: கீறல், துரு, நசுங்கல், பள்ளத்தில் புள்ளி. இந்த நாலுல அடங்கலைன்னா கீழே காலிக் கட்டத்துல நீங்களே எழுதலாம்க்கா, ஒரே காரணத்தை முப்பது தடவை எழுதினா அது தானா பட்டியல்ல ஏறிடும், அப்புறம் கேமராவும் அதைத் தனியா கத்துக்கும் என்றாள்.

நகம் அக்கா அதை இரண்டு முறை திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

முதல் ஒரு வாரம் அவள் மனசில் ஓடிய யோசனை வேறு. எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன? நல்லதைக் கழிவு என்று, கழிவை நல்லது என்று. கேமரா பைத்தியம் பிடித்து ஆடும், மேலாளர் எல்லோர் முன்னாலும் மூக்குடைபடுவார். நினைக்க இனிப்பாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவள் கார்டு எண் இருந்தது. தம்பி மாட்டிக்கொண்டதும் அப்படித்தானே. இந்த மெஷின்கள் முன்னால் உட்கார்ந்தவள் கழுத்தைத்தான் பிடிக்கும். அப்படியென்றால் பின்னால் நிற்கிறவரையும் மெஷினுக்குக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். பொய்யே வேண்டாம். ஒரு பொய்கூட இல்லாமல் அந்த ஆளைக் கவிழ்க்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அவரே வந்து வலையில் காலை வைத்தார்.

திரையின் வலது மூலையில் கழிவு எத்தனை சதவீதம் என்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் அந்த அறைக்குள் வந்தால் பார்ப்பது அந்த எண் ஒன்றைத்தான். அன்றைக்கு அது ஆறு காட்டியது. அவருக்கு முகம் கறுத்தது. இரண்டுக்குக் கீழே வரவேண்டும், பம்ப் கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வரப்போகிறார்கள் என்றார். எதனால் இவ்வளவு என்று கேட்டார். மயிர்க்கோடு மாதிரி கீறல் இருக்குங்க சார், மூன்றாம் எண் மெஷின் சக்கரத்தை இன்னும் மாத்தலை என்றாள். மயிர்க்கோடெல்லாம் ஒரு குறையா, அதையெல்லாம் நல்லதில் போடுங்க என்றார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “எனக்கு அதுல சந்தேகம் வருது சார். உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது. சந்தேகமானதை எல்லாம் தனியா சேர்த்து வைக்கிறேன். வாரம் ஒரு தடவை நீங்களே வந்து பார்த்துச் சொல்லிடுங்க, நான் அப்படியே போட்டுடறேன்.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை வந்தார். கதவில் கார்டைக் காட்டி உள்ளே வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். படம் வந்தது. ‘நல்லது’ என்றார். அடுத்தது. ‘நல்லது.’ நாலைந்து படத்துக்குப் பிறகு அவர் திரையைப் பார்க்கவும் இல்லை. போனில் எதையோ தட்டிக்கொண்டே நல்லது, நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டு நின்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் ‘நல்லது’ என்று அமுக்கினாள். கீழே காலிக் கட்டத்தில், இரண்டு விரலால், எழுத்துப் பிழை இல்லாமல், நிதானமாகத் தட்டினாள்: உற்பத்தி மேலாளர் சொன்னது.

முப்பத்தோராவது படத்துக்குத் தட்ட வேண்டிய வேலை இல்லாமல் போனது. பட்டியலில் ஐந்தாவதாக அதுவே ஏறி நின்றது. அதற்குப் பிறகு ஒரு தொடல் போதும்.

பதினோரு வியாழக்கிழமை அப்படிப் போயிற்று. ஒருமுறைகூட அவர் கண் திரையின் கீழ்ப்பக்கம் வரவில்லை. எண் ஆறிலிருந்து நாலு, நாலிலிருந்து இரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது, அவருக்கு அது போதுமாக இருந்தது. ஐந்தாவது வியாழன், பின்னால் நின்றபடியே, வயசானாலும் நீங்க வேகமா கத்துக்கறீங்க என்று பாராட்டினார். வயது அவளுக்கு நாற்பத்து மூன்று. எல்லாம் நீங்க சொல்றதுதானே சார் என்றாள்.

பொறியாளர் மட்டும் ஒரு நாள் கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, “அக்கா, அஞ்சாவது காரணம் என்ன இது?” என்றாள்.

“அதுதான் காரணம்.”

“இதை எடுத்துடவா?”

“நான் எழுதினதுல பொய் இருந்தா எடு.”

போன மாதம் கூட்டத்தில் மேலாளர் அவளை எல்லோர் முன்னாலும் பாப்பா என்று கூப்பிட்டு, இருக்கிறவர்களை எண்ணி ஒன்பது காபி வாங்கிவரச் சொன்னது நகம் அக்காவுக்குத் தெரியும். அந்த ஒன்பது காபியும் இப்போது அவள் முகத்தில் தெரிந்தது. பரிசோதகர் எழுதியதை மாற்றக்கூடாது என்றுதான் எங்கள் கம்பெனி விதி என்றாள். போகிறபோது திரும்பிப் பார்த்து, கேமரா மத்த நாலையும் விட இதைத்தான் சரியா கண்டுபிடிக்குதுக்கா, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

பம்ப் கம்பெனியிலிருந்து தரப் பிரிவின் தலைவி வந்தார். அறுபதை நெருங்கும் அம்மா, கழுத்தில் கண்ணாடி தொங்கும், தேவையில்லாமல் சிரிக்கமாட்டார். எழுபது மோட்டார் இறுகியபோது அதற்காகத் தன் கம்பெனியில் பதில் சொன்னவர் அவர்தான். முதலாளி, மேலாளர், பொறியாளர் எல்லோரும் கண்ணாடி அறைக்குள். நகம் அக்கா வளையங்களை மேடையில் வைக்கிற வேலையில். சுவரில் புதிதாகப் பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தார்கள். கேமரா வெறுமனே பச்சை, சிவப்பு காட்டினால் போதாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும், காரணத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று மேலாளரே கேட்டு மாட்டவைத்தது அது.

மேலாளர் பத்து நிமிடம் பேசினார். மனுஷக் கண்ணுக்குத் தூக்கம் வரும், மனுஷ மனசு இளகும், கேமராவுக்கு இரண்டும் கிடையாது என்றார். நகம் அக்கா முதல் வளையத்தை வைத்தாள்.

நல்லது. அடுத்தது நல்லது. மூன்றாவது கழிவு, காரணம் துரு. அந்த அம்மா தலையசைத்தார். நான்காவது நல்லது.

ஐந்தாவது வளையம் ஒரு சுற்று சுற்றி நின்றது. பச்சை வந்தது. கீழே, கை அகலத்துக்கு ஒவ்வோர் எழுத்தாக:

நல்லது. காரணம்: உற்பத்தி மேலாளர் சொன்னது. உறுதி: 98%.

நகம் அக்கா எதுவும் நடக்காததுபோல அடுத்த வளையத்தை வைத்தாள். அது நல்லது. அதற்கடுத்தது மறுபடியும் உற்பத்தி மேலாளர் சொன்னது. இந்த முறை உறுதி தொண்ணூற்றொன்பது.

அந்த அம்மா கையை நீட்டினார். நகம் அக்கா வளையத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்பள்ளத்தைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், பிறகு மெதுவாக, “யாருங்க உற்பத்தி மேலாளர்?” என்று கேட்டார்.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அசடு வழியச் சிரித்தார். ஏதோ மென்பொருள் கோளாறு என்றார். பொறியாளர், கோளாறு இல்லை சார், பயிற்சிப் படங்களில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் இந்தக் காரணம் இருக்கிறது என்றாள். அப்படியானால் இந்தப் பரிசோதகர் வேண்டுமென்றே எழுதியது, தம்பியை வேலையை விட்டு எடுத்த காழ்ப்பு என்று அவர் விரலை நீட்டினார்.

பம்ப் கம்பெனி அம்மா நகம் அக்காவைப் பார்த்தார். “நீங்கதான் எழுதினீங்களா?”

“ஆமாங்க. காழ்ப்பும் இருக்குங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அவர் பின்னால நின்னு சொன்னப்போ மட்டும்தான் எழுதினேன். இந்தக் கதவையும் கேட்டுப் பாருங்க.”

கேட்டுப் பார்த்தார்கள். பொறியாளர் இரண்டு பட்டியலையும் சுவர்த் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேலாளர் கார்டு உள்ளே வந்தது வியாழன் மூன்று ஐந்து. முதல் ‘சொன்னது’ மூன்று ஏழு. வெளியே போனது மூன்று முப்பத்தெட்டு. கடைசி ‘சொன்னது’ மூன்று முப்பத்தேழு. அடுத்த வியாழன். அதற்கடுத்த வியாழன். முதலாளி ஐந்தாவது வியாழனோடு பார்ப்பதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்தச் சரக்கு எங்களுக்கு வந்திருக்கா?” என்று அந்த அம்மா கேட்டார். வந்திருந்தது. “ஏம்மா, நீங்க அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு தடவை எழுதியிருக்கேங்க. யாரும் படிக்கலை.”

அந்த அம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு வாரத்தில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. தங்களிடம் வந்துவிட்ட பெட்டிகளைத் தாங்களே பிரித்துப் பார்த்துக்கொள்வதாகவும், கிடங்கில் இருக்கும் நாற்பதாயிரம் வளையங்களையும் இங்கே கையால் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். இங்கே பார்க்கிறவர் இந்தப் பரிசோதகராகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் உற்பத்தி மேலாளரின் பெயரையே போட்டு, ஒவ்வொரு தட்டையும் அவர் கூடவே உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. எல்லாம் முடியும்வரை அடுத்த கொள்முதல் கிடையாது. முதலாளிக்கு வேறு வழி இல்லை. மேலாளரை அனுப்பிவிடலாம் என்று அவருக்கு எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்காவது அந்த ஆள் வேண்டியிருந்தது.

நூற்று அறுபது தட்டு, தட்டுக்கு இருநூற்றைம்பது வளையம். பெட்டி கட்டும் கூடத்தின் நட்டநடுவில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி ஒரு மேசை. இந்தப் பக்கம் நகம் அக்கா, எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் மேலாளர். நல்ல நாற்காலி எல்லாம் கூட்ட அறையில் இருந்தது. எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை.

வழக்கமாக அவளுக்கு ஒரு தட்டு இருபது நிமிடம். இப்போது நாற்பது நிமிடம் எடுத்தாள். கடிதத்தில் கவனமாக என்று போட்டிருக்கே சார் என்றாள். ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு சுற்று சுற்றினாள், துணியால் துடைத்தாள், மறுபடி பார்த்தாள். கழிவு வந்தால் சிவப்புத் தொட்டியில் போடாமல் முதலில் அவர் முன்னால் வைத்து, “பாருங்க சார்” என்றாள். அவர் பார்த்துத் தலையசைத்தபின்தான் எடுத்தாள். லாரிக்காரர்கள் தேவையே இல்லாமல் அந்தப் பக்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர், என்ன சார், இன்னிக்கு வியாழனா என்று கேட்டார். கூடமே குனிந்துகொண்டு சிரித்தது.

நாலாம் நாள் அவர் சட்டை கசங்கியிருந்தது. ஆறாம் நாள் போனை எடுக்கவே இல்லை. கொஞ்சம் சீக்கிரம் பார்க்க முடியுமா, முதுகு வலிக்கிறது என்றார். அவள் எழுந்து போய்த் தன் இடுப்புக்கு வைக்கிற சின்னத் தலையணையை எடுத்துவந்தாள். தன் நாற்காலியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இரக்கம் வரும் என்றுதான் அவளே பயந்திருந்தாள். வரவில்லை. தேடிப் பார்த்தாள், இல்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் தொண்ணூற்றாறாவது தட்டு முடிந்தது. அவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடப் போனார். அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதுல ஒண்ணு எழுதணும் சார். மூணாம் நம்பர் மெஷின்ல அன்னிக்கு அமுக்கிட்டு ஓட்டச் சொன்னது நான்தான்னு. தேதி போட்டு.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதினா எனக்கு வேலை போயிடும்மா.”

“தெரியும்.”

“எழுதலைன்னா?”

“பம்ப் கம்பெனி மேடம் திங்கக்கிழமை வராங்க. கிரைண்டிங் கதவோட பட்டியலையும் காட்டச் சொல்லுங்கன்னு அவங்ககிட்ட கேக்கலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு அழியாதாம், கேமரா மாட்டின பொண்ணு சொல்லிச்சு. ஆனா கதவு சொல்றதைவிட உங்க கையெழுத்துல இருந்தா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசை.”

பெட்டி கட்டுகிறவர்கள் கை வேலையில் இருந்தது. காது முழுவதும் இங்கே இருந்தது. அவர் தாளை இழுத்துக்கொண்டார். பேனா எழுதவில்லை, எட்டு நாள் கையெழுத்தில் மை தீர்ந்திருந்தது. அவள் தன் பேனாவை மூடியைக் கழற்றி நீட்டினாள். நாலு வரி எழுதினார். ‘நான்தான்’ என்ற இடத்தில் ‘என் தரப்பிலும்’ என்று எழுதியிருந்தார். அவள் வாசித்துப் பார்த்துவிட்டு அடித்து எழுதச் சொன்னாள். அடித்து எழுதினார். அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் தம்பி மனைவி அதைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை வாசிக்க ஆரம்பித்தபோது தம்பி பிடுங்கிக்கொண்டான். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தான். பிறகு, “எழுதறப்போ என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

“பேனா எழுதலைன்னாரு. நான்தான் குடுத்தேன்.”

அவன் முதலில் உதட்டைக் கடித்தான், பிறகு அடக்க முடியாமல் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மடியில் இருந்த விசிறியின் திருகாணிகள் தரையெங்கும் உருண்டு ஓடின. பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் நிஜச் சிரிப்பு. அவன்தான் விடுக்கா விடுக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

மறுநாள் காலை அவள் தாளை நேராக முதலாளியிடம் கொடுத்தாள். அவர் வாசித்தார், கண்ணைத் துடைத்துக்கொள்வதுபோல நெற்றியைத் தேய்த்தார். பழைய கடிதத்தை ரத்து செய்து புதிதாக ஒன்று தட்டச்சு செய்யச் சொன்னார். கவனக்குறைவு என்ற சொல் எங்கும் வரக்கூடாது என்று அவளே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். தம்பி வேண்டுமானால் நாளைக்கே மூன்றாம் எண் மெஷினுக்கு வரட்டும் என்றார் முதலாளி. முதல்ல சக்கரத்தை மாத்துங்க சார், அப்புறம் வரச் சொல்றேன் என்றாள்.

முதலாளி இன்னொரு விஷயமும் சொன்னார். மேலாளர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாராம், இன்றோடு போய்விடுகிறேன் என்கிறாராம். மிச்சத் தட்டுக்கு வேறு யாராவது கையெழுத்துப் போட்டால் பம்ப் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா, உங்கள் பேச்சை அந்த அம்மா கேட்பார், ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. பாவம், ஆளும் தளர்ந்து போயிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நகம் அக்கா யோசிப்பதுபோல நின்றாள்.

“ரெண்டாம் பக்கத்துல அவர் பேரைப் போட்டுத்தானே சார் எழுதியிருக்காங்க. முடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

மிச்சத்தை முடிக்காமல் கணக்குத் தீர்க்கமாட்டேன் என்று முதலாளி மேலாளருக்குச் சொல்லியனுப்பினார். அவள் கூடத்துக்கு வந்தபோது ஸ்டூலில் மேலாளர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அறுபத்துநான்கு தட்டு மிச்சம் இருந்தது. அவர் தொண்டையைச் செருமி, கேட்டது கிடைச்சாச்சு இல்லையா, இப்பவாவது கொஞ்சம் வேகமா பார்க்கலாமே என்றார்.

“பார்க்கலாம் சார்” என்றாள். அன்றைக்கு ஒரு தட்டுக்கு ஐம்பது நிமிடம் எடுத்தாள்.